சுமை இறக்கும் இடம்: வாலாஜாபாத் வட்டாரத்தில் உதவியும் உறவும்

தலைச்சுமை தூக்கிப் பழகியவர்களுக்குத் தெரியும்: நடப்பது பெரிய பாடு இல்லை. இறக்கி வைப்பதும் மறுபடி ஏற்றுவதும்தான் பாடு. சும்மாட்டின் மேல் நெல் மூட்டையோ விறகுக் கட்டோ இருக்கும்போது தனியாகக் குனிய முடியாது. குனிந்து இறக்கிவிட்டாலும் திரும்பத் தூக்கி வைக்க ஆள் வேண்டும். “கொஞ்சம் தூக்கி விடுங்க” என்று கேட்க வழியில் யாராவது வந்தாக வேண்டும். அந்த யாரோ ஒருவருக்குப் பதிலாக நிற்பதுதான் சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காக வைத்திருப்பார்கள். நின்றபடியே சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம். பிறகு யாரையும் கேட்காமல் தலைக்கு ஏற்றிக்கொண்டு போகலாம்.

பாலாற்றங்கரை ஊர்களிலும் வடதமிழகத்தின் பிற பகுதிகளிலும் இக்கற்களைப் பற்றி ஒரு வழக்கம் சொல்லப்படுகிறது. வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் இதை நட்டார்கள். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை, ஊர் பேர் தெரியாத வழிப்போக்கர் இறக்கி வைக்கட்டும் என்பது கருத்து. சில கற்களில் அவள் பெயரும் ஆண்டும் உண்டு. பலவற்றில் எதுவும் இல்லை.

அன்றாட உதவியிலிருந்து எதிர்பாராத உறவு பிறக்கிறது என்னும்போது, உதவியவருக்கும் பெற்றவருக்கும் இடையே பிறக்கும் உறவையே நாம் நினைக்கிறோம். மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வும் அந்தக் கோட்டில்தான் செல்கிறது: கொடுத்தல், வாங்கிக்கொள்ளல், திருப்பித் தரல் என்ற மூன்று கடமைகளை அவர் அதில் விளக்கினார். சுமைதாங்கி இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. யாருக்காகக் கல் நடப்பட்டதோ அவள் இல்லை; நட்டவர்களை வழிப்போக்கர் பார்த்ததில்லை. திருப்பித் தர வழியே இல்லாத உதவி இது. இப்படிப்பட்ட உதவியில் உறவு, உதவி பெற்ற ஒருவருக்கும் பெற்ற இன்னொருவருக்கும் இடையில், அதாவது ஒரே கல்லில் சுமை வைத்து நின்ற இருவருக்கு இடையில், முளைக்கிறது என்பதே என் வாதம்.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் சான்று ஒன்றும் இதே வட்டாரத்தில் இருக்கிறது. வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டுச் சாலையில் போனால் பழையசீவரம். அதற்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு உள்ளது. வேதம் கற்பித்த பள்ளி, மாணவர் விடுதி, ‘வீரசோழன்’ என்ற பெயருடைய ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனை ஆகியவற்றின் செலவுகளை அது வரிசையாகச் சொல்கிறது. ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து செய்ய இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர், ஒரு தண்ணீர்க்காரர். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் பெயர் பெயராக உள்ளன. தைலம், நெய், கடுக்காயில் செய்தவை என ஏறத்தாழ இருபது.

இந்தப் பட்டியலில் என்னை நிறுத்தியவை இரண்டு சின்னச் செலவுகள்: இரவு முழுவதும் எரிய ஒரு விளக்கு, குடிநீரில் மணம் சேர்க்க ஏலமும் இலாமிச்சை வேரும். நோய் தீர இவை கட்டாயமில்லை. இருட்டில் விழித்துக்கொள்ளும் நோயாளிக்குப் பயம் வரும், காய்ச்சல் நாக்குக்கு வெறும் தண்ணீர் பிடிக்காது என்று யாரோ எண்ணிப்பார்த்திருக்கிறார்கள். எண்ணியதோடு விடாமல் கணக்கிலும் எழுதிவைத்தார்கள். மனம் இளகிய ஒருநாள் செய்வது ஒன்று. அளவு குறித்து நாள்தோறும் செய்வது வேறு. அன்றாடம் என்ற சொல்லுக்கு இங்கேதான் பொருள் முழுமையாகிறது.

ஆனால் அந்தப் படுக்கைகள் வழிப்போக்கர் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. அவை முதன்மையாகக் கோயிலையும் பள்ளியையும் சேர்ந்தவர்களுக்கானவை. ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்தவர்களின் வட்டம் அது. கருணை அங்கே நிறைந்திருந்தது; எதிர்பாராதவரைச் சந்திக்கும் வாய்ப்புத்தான் குறைவு. தண்ணீர்ப் பந்தலையும் திண்ணையையும் புகழ்ந்து எழுதுபவர்களும் இந்த எல்லையை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் சாதி மிகக் கடுமையாகக் காவல் காத்தது தண்ணீரைத்தான். குவளையைத் தராமல் கையில் ஊற்றிய தண்ணீர் தாகம் தீர்த்தது, உறவாகவில்லை. 1927இல் மகாராட்டிரத்தின் மகாத்துக் குளத்தில் அம்பேத்கரோடு மக்கள் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது அவர்கள் கேட்டது யாருடைய இரக்கத்தையும் அன்று, உரிமையை. எவர் வரலாம் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் கொடுப்பவர் கையில் இருக்கும்வரை, கொடுப்பதிலிருந்து புதிய உறவு வராது. சுமைதாங்கியில் அந்த அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் யாரும் நிற்பதில்லை.

நெசவுத் தெருவில் இன்னொரு வகை உதவியைப் பார்க்கலாம். விடியலில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை முடிவார்கள். ஒரு வீட்டுக் கைகள் போதாது. பக்கத்து வீட்டார் வருவார்கள். நாளை அவர்கள் பாவுக்கு இவர்கள் போவார்கள். மோஸ் சொன்ன கணக்கு இங்கே அப்படியே பொருந்தும், ஆகவே இங்கே பிறப்பது எதிர்பார்த்த உறவு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஊர் நிற்பதே அதில்தான்.

உளவியல் ஆய்வாளர்கள் அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் சிகாகோவின் பனிச்சறுக்குத் திடலில் நடத்திய சோதனை ஒன்றில், குளிரில் நின்றவர்கள் தங்களுக்குக் கிடைத்த சூடான சாக்லேட் பானத்தை முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்தார்கள். அதைப் பெற்றவருக்கு உண்டான மகிழ்ச்சியைக் கொடுத்தவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். பயனுள்ள முடிவுதான். ஆனால் அந்த ஆய்வும் கொடுத்தவர், பெற்றவர் என்ற இருவரோடு நின்றுவிடுகிறது.

பெற்றவர்களுக்கு இடையே முளைக்கும் உறவை இந்த வட்டாரத்திலேயே பார்க்கலாம். பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதராசப் பெருமாள் பார்வேட்டை உற்சவத்துக்காக வாலாஜாபாத் வழியே பழையசீவரம் வருகிறார். அங்குள்ள மலையிலிருந்து இறங்கித் திருமுக்கூடலில் சுற்றுவட்டப் பெருமாள்களோடு கூடுகிறார். அன்று வழியெங்கும் மோரும் சோறும் கிடைக்கும். ஒரே தொன்னை வரிசையில் நின்ற இரு குடும்பங்கள் மறுவருடம் ஒன்றையொன்று தேடிக்கொள்வது இந்த வட்டாரத்தாருக்குப் புதிதல்ல. மோர் ஊற்றியவர் முகம் மறந்துபோயிருக்கும், முன்னால் நின்றவர் முகம் நினைவிருக்கும்.

நம் ஆவணங்கள் கொடையாளியை மட்டுமே அறியும். கல்வெட்டைப் படியெடுக்கிறோம், சுமைதாங்கியின் உயரத்தை அளக்கிறோம், நட்டவர் பெயர் இருந்தால் குறித்துக்கொள்கிறோம். சாலை அகலமாக அகலமாகக் கற்கள் பெயர்க்கப்படுகின்றன. தலைச்சுமையோடு நடந்த தலைமுறையும் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களில் இன்னும் இருப்பவர்களிடம் கள ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி, கல்லை யார் நட்டார்கள் என்பது மட்டுமன்று. “அங்கே சுமையை வச்சுட்டு நிக்கும்போது பக்கத்துல யார் இருந்தாங்க, என்ன பேசினீங்க?” என்றும் கேட்க வேண்டும்.