பழைய வால்வு ரேடியோ வீட்டில் இருக்கா? பிளக்கை சொருகும் முன் இதைப் படிங்க!

பரணில் இருந்து தாத்தா காலத்து ரேடியோ ஒன்று இறங்கி வந்தால் எல்லாரும் முதலில் செய்வது ஒன்றுதான். தூசியைத் துடைத்து, பிளக்கை சொருகி, 'பாடுதா பார்ப்போம்' என்று சுவிட்சைப் போடுவது. எழுபது வருஷம் தாக்குப்பிடித்த ரேடியோக்கள் பலவும் செத்துப்போவது அந்த ஒரு நொடியில்தான்.

அதிலும் கையில் தூக்கிப் போகும் போர்ட்டபிள் வால்வு ரேடியோ என்றால் ஆபத்து இன்னும் அதிகம். ஏன், அதை எப்படி உயிர்ப்பிப்பது? இந்த வகையில் உலகம் முழுக்க அதிகம் தேடப்படும் ஜெனித் டிரான்ஸ்-ஓஷனிக் ரேடியோவை வைத்தே பார்ப்போம்.

யார் செய்த ரேடியோ இது?

அமெரிக்காவின் சிகாகோவில் இருந்த ஜெனித் நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் தலைவர் யூஜின் மெக்டொனால்ட் 1925-ல் ஆர்க்டிக் பயணத்துக்கே போய் வந்த ஆள். நடுக்கடலில் படகில் இருந்தாலும் ஷார்ட்வேவ் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசையில் பிறந்த டிரான்ஸ்-ஓஷனிக் 1942 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. சில மாதங்களில் உலகப்போர் காரணமாக அமெரிக்காவில் பொதுமக்களுக்கான ரேடியோ தயாரிப்பே நிறுத்தப்பட்டது. போருக்குப் பிறகு 1946-ல் மறுபடியும் வந்தது.

இங்கே நாம் பார்க்கப்போவது 1951-ல் வந்த எச்500 மாடல். ஒரு மீடியம் வேவ், ஆறு ஷார்ட்வேவ் என மொத்தம் ஏழு பேண்டுகள். மூடியில் இருக்கும் ஆன்டெனாவைக் கழற்றி, ரயில் ஜன்னல் கண்ணாடியில் ரப்பர் உறிஞ்சிகளால் ஒட்டிக்கொள்ளலாம். ரயில் பெட்டியின் இரும்பு சிக்னலை மறைத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்தக் காலத்துக்கு அசத்தலான யோசனை!

1954-ல் ரீஜென்சி டிஆர்-1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்ததும் வால்வு போர்ட்டபிள்களுக்கு இறங்குமுகம் தொடங்கியது. 1957-ல் ஜெனித்தே டிரான்சிஸ்டருக்கு மாறிய டிரான்ஸ்-ஓஷனிக்கை இறக்கியது.

ஐந்து வால்வு, ஒரே சங்கிலி

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி, அதாவது ஃபிலமெண்ட், சூடானால்தான் வேலை செய்யும். வீட்டு ரேடியோவின் வால்வு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். போர்ட்டபிளில் பேட்டரியை மிச்சப்படுத்த வேண்டுமே? அதனால் இந்தக் கம்பி முடியை விட மெல்லிசாக இருக்கும். இருட்டில் உற்றுப் பார்த்தாலும் ஒளிர்வது தெரிவது கஷ்டம்.

எச்500-ல் 1யு4 இரண்டு, 1எல்6, 1யு5, 3வி4 என ஐந்து வால்வுகள். முதல் நான்குக்கும் தலா 1.4 வோல்ட், கடைசி வால்வுக்கு 2.8 வோல்ட். ஐந்தும் சீரியல் லைட் மாதிரி ஒரே வரிசையில் இணைக்கப்பட்டிருக்கும். கூட்டிப் பார்த்தால் 8.4 வோல்ட். ஓடும் மின்னோட்டம் வெறும் 50 மில்லி ஆம்பியர். இது போக வால்வுகளின் மற்ற வேலைக்குத் தனியாக 90 வோல்ட் தேவை.

சிக்கல் இங்கேதான். ஒரே பெட்டிக்குள் 1.4 வோல்ட் மட்டுமே தாங்கும் கம்பியும் இருக்கிறது, 90 வோல்ட்டும் இருக்கிறது, பிளக் போட்டால் மெயின்ஸ் மின்சாரமும் வருகிறது. நடுவில் ஒரு பழைய கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் போதும், ஐந்து வால்வும் ஒரே நொடியில் காலி.

அதில் 1எல்6 போனால் நெஞ்சு வலிக்கும். டிரான்ஸ்-ஓஷனிக் தவிர வெகு சில ரேடியோக்களில் மட்டுமே பயன்பட்ட வால்வு அது. மற்றவற்றை விடப் பல மடங்கு விலை. 1ஆர்5 என்ற சாதாரண வால்வை பின் இணைப்பு மாற்றிப் போடுபவர்கள் உண்டு. மீடியம் வேவில் பாடும், மேல் ஷார்ட்வேவ் பேண்டுகளில் தடுமாறும். அடாப்டர் வைத்து 1எல்ஏ6 போடுவது அதைவிடத் தேவலை.

முதல் வேலை என்ன?

கரண்டே கொடுக்காமல் தொடங்குவது. சர்வீஸ் மேனுவலை இணையத்தில் தேடி இறக்கிக்கொண்டு, வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எங்கே இருந்தது என போட்டோ எடுத்து வையுங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டரில் ஒவ்வொரு வால்வின் 1-வது, 7-வது பின்களுக்கு இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஃபிலமெண்ட் அறுபடவில்லை. முள் ஓடும் பழைய அனலாக் மீட்டர் வேண்டாம். குறைந்த ஓம் ரேஞ்சில் அது அனுப்பும் கரண்டே இந்தக் கம்பிக்கு அதிகமாகிவிடலாம்.

அடுத்து கெபாசிட்டர்கள். நம்ம ஊர் மெக்கானிக்குகள் பாஷையில் கண்டன்சர். 1950-களில் மெழுகு தடவிய காகிதத்தில் செய்தார்கள். ஈரம் ஏறி, இன்றைக்கு அதில் அநேகமாக எல்லாமே கசியும். சோதித்துப் பார்த்து நல்லதை விட்டுவைக்கலாம் என்று நினைப்பது வீண் வேலை. அத்தனையையும் அதே மதிப்புள்ள, 400 அல்லது 630 வோல்ட் தாங்கும் பிலிம் கெபாசிட்டராக மாற்றிவிடுவதே நல்லது. எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களும் அப்படியே. அவற்றில் பிளஸ், மைனஸ் மாறக்கூடாது.

ரெசிஸ்டர்களில் அந்தப் பிரச்சினை வேறு மாதிரி. வயதாக ஆக மதிப்பு ஏறும். அளந்து பார்த்து, 20 சதவீதத்துக்கு மேல் தள்ளியிருப்பதை மட்டும் மாற்றினால் போதும்.

செலீனியம் எனும் பொறி

மெயின்ஸ் மின்சாரத்தை டிசி ஆக்க, உள்ளே தகடு தகடாக அடுக்கிய செலீனியம் ரெக்டிஃபையர் இருக்கும். கெட்டுப்போய் எரிந்தால் அழுகிய முட்டை போல நாற்றம் அடிக்கும், அந்தப் புகை விஷம். மாற்றியே ஆக வேண்டும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் 1என்4007 டயோடு போதும்.

ஆனால் டயோடை மட்டும் போட்டால் தப்பு. செலீனியம் தன் பங்குக்கு சில வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. டயோடு அப்படித் தின்னாது. மிச்சமாகும் வோல்ட் நேராக ஃபிலமெண்டுக்குப் போகும். அதனால் டயோடோடு ஒரு ரெசிஸ்டரையும் வரிசையில் சேர்த்து, மேனுவல் சொல்லும் வோல்டேஜுக்குக் கொண்டுவர வேண்டும். 'டயோடு போட்டேன், ஒரு வாரம் நல்லா பாடுச்சு, அப்புறம் போச்சு' வகைக் கதைகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எச்500-ல் 50ஏ1 என்று ஆறாவதாக ஒரு குழாயும் உண்டு. மெயின்ஸ் ஏறி இறங்கினாலும் ஃபிலமெண்ட் கரண்டை 50 மில்லி ஆம்பியரில் பிடித்து வைப்பது இதன் வேலை. இதுவும் அரிது. போயிருந்தால் கணக்குப் போட்டு பவர் ரெசிஸ்டர் வைக்கலாம்.

நம் ஊரில் கூடுதல் ஆபத்து

இது 117 வோல்ட்டுக்குச் செய்த ரேடியோ. நம் வீட்டுப் பிளக்கில் வருவது 230. நேராக சொருகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

'ஸ்டெப் டவுன் வாங்கினா முடிஞ்சுது' என்றும் இருக்க முடியாது. இந்த ரேடியோவுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மெயின்ஸின் ஒரு கம்பி நேராக சர்க்யூட்டுக்கே போகிறது. கடையில் விற்கும் மலிவான ஸ்டெப் டவுன்கள் பலவும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். அவை வோல்டேஜைக் குறைக்குமே தவிர, மெயின்ஸில் இருந்து பிரிக்காது. திறந்து வைத்த ரேடியோவைத் தொட்டால் ஷாக்தான். உள்ளீடும் வெளியீடும் தனித்தனியாகச் சுற்றப்பட்ட ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் எனக் கேட்டு வாங்க வேண்டும்.

இதைவிட எளிய வழி, மெயின்ஸ் பக்கமே போகாமல் பேட்டரியில் ஓட்டுவது. இந்த ரேடியோவுக்கான ஒரிஜினல் பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் சின்ன 9 வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாகக் கோர்த்தால் 90 வோல்ட் ரெடி. டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய செல் ஆறு சேர்த்தால் ஃபிலமெண்டுக்கு 9 வோல்ட். பேட்டரிதானே என்று அலட்சியம் வேண்டாம். 90 வோல்ட் டிசி நன்றாகவே அடிக்கும். இரண்டு இணைப்புகளையும் மாற்றிக் கொடுத்தால் வால்வுகளுக்கு அதோடு முடிந்தது கதை.

சுவிட்ச் போடும் நேரம்

முதலில் ஃபிலமெண்ட் பேட்டரியை மட்டும் கொடுத்து, முதல் நான்கு வால்விலும் தலா 1.4 வோல்ட்டையும், 3வி4-ல் 2.8 வோல்ட்டையும் ஒட்டி வருகிறதா என அளக்க வேண்டும். சரியாக இருந்த பிறகே 90 வோல்ட்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் வால்வைப் பிடுங்காதீர்கள். மெயின்ஸில் ஓடும்போது ஒன்றைக் கழற்றினால் சங்கிலி அறுந்து, கரண்டுக்கு வழியில்லாமல் கெபாசிட்டரில் முழு வோல்டேஜும் ஏறி நிற்கும். திரும்ப சொருகும் நொடியில் அத்தனையும் ஃபிலமெண்ட் வழியாகப் பாயும்.

சத்தம் கரகரவென்று வந்தால் பயப்பட வேண்டாம். வால்யூம் கண்ட்ரோலிலும் பேண்ட் சுவிட்சிலும் காண்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சத்தம் குறைவு என்று உள்ளே இருக்கும் டியூனிங் திருகுகளை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பிப் பார்ப்பதுதான் கூடாது. 455 கிலோஹெர்ட்ஸுக்குப் பொருத்தி வைத்தவை அவை. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் தொட்டால் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

அமெரிக்க ரேடியோ நம் ஊரில் எடுக்குமா என்ற சந்தேகம் வரலாம். மீடியம் வேவில் அங்கே நிலையங்களுக்கு இடையே 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, இங்கே 9. டிஜிட்டல் ரேடியோ என்றால் அது பிரச்சினை. முள் நகரும் டயலுக்கு அந்தக் கவலையே இல்லை. சென்னை வானொலியைக் கேட்க, 720 பக்கம் மெதுவாகத் திருப்பினால் போதும். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜரை மட்டும் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள். இந்த ரேடியோ பிறந்த காலத்தில் அந்த இரைச்சல்கள் கிடையாது.