நெய்யின் அளவு: பேராக் தோட்டத் தமிழர் உணவு வரலாற்றில் ஒரு நோக்கு

நெய்யின் மருத்துவப் பயன் குறித்துத் தமிழில் எழுதப்பெறுவன பெரும்பாலும் அதன் குணத்தைப் பேசுகின்றன, அளவைப் பேசுவதில்லை. ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு நெய் கிட்டியது, அதனை யார் உண்டனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படாத வரை, ‘நம் முன்னோர் நெய் உண்டு நலமாக வாழ்ந்தனர்’ என்னும் கூற்று வரலாறாகாது. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்தம் வாழ்வை முன்வைத்து இவ்வினாக்களை இங்கு நோக்க விழைகிறோம்.

நெய் பண்டு தொட்டே அரிய பொருளாகும். பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகள் நெய்க்கு விலையாகப் பொன்னை ஏற்காது, எருமையும் பசுவும் பெறுகிறாள். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் இக்கணக்கு இன்னும் துல்லியமாக உள்ளது. ஒரு விளக்கிற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் இடையர்வசம் விடப்பட்டன. உழக்காவது நாழியில் காற்பங்கே. அவ்வளவு நெய்க்கு ஒரு மந்தையே பிணையாக நின்றது என்பதை நெய்ச்சோற்றுப் பெருமை பேசுவோர் நினைவிற்கொள்வது நன்று.

கோலாகங்சாரில் 1877இல் இரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தம் உணவு வழக்கையும் உடன் கொணர்ந்தனர். ஆயினும் கூலி அவ்வழக்குக்கு இடந்தரவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930இல், ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகக் குறைக்கப்பட்டது. அக்கூலியில் அரிசியும் கருவாடும் பருப்பும் வாங்கிய குடும்பம் கடையில் நெய் வாங்கியிருத்தல் அரிது. தோட்டத்து வீட்டில் நெய் இருந்ததெனின் அது பெரும்பாலும் கொட்டகையில் நின்ற பசுவால் வந்ததே.

பலர் மாடு வளர்த்தனர். விடியலில் மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவைக்குப் பின்னர்ப் புல்லறுக்கச் செல்வது குடும்பத்தின் இரண்டாம் உழைப்பாயிற்று. இந்தியக் குடியேறிகள் கொணர்ந்த மாடுகளின் வழிவந்தவை மலேசியக் கால்நடைத் துறையினரால் ‘உள்ளூர் இந்தியக் கறவை மாடு’ என்றே வகைப்படுத்தப்படுகின்றன. தோட்டத் தமிழர் விட்டுச்சென்ற தடங்களுள் இப்பெயரும் ஒன்று. நம் ஆய்வாளர் இதனைப் போதிய அளவு கருதவில்லை. அம்மாடுகள் நாளொன்றுக்குச் சில லிட்டரே கறக்கும். ஒரு கிலோ நெய்க்கு ஏறத்தாழ 25 லிட்டர் பசும்பால் வேண்டும். கறந்த பாலிலும் பெரும்பகுதி கிராணி வீட்டிற்கோ பட்டணத்திற்கோ விலையாகிச் சென்றது. எஞ்சியது உறையிடப்பட்டு, மத்தால் கடையப்பட்டு, வெண்ணெயாகச் சேர்ந்து, ஒரு நாள் முருங்கையிலை இட்டு உருக்கப்பட்டது.

ஆதலின் நெய்யின் ‘அன்றாடப் பயன்பாடு’ என்பது கரண்டியளவினதாக இருந்தது. முதற்சோறுண்ணும் குழந்தையின் பருப்புச் சோற்றில் சில துளி, நோயிலிருந்து எழுந்தவர்க்கு ஒரு கரண்டி, இலேகியம் கிண்டச் சிறிது, மாரியம்மன் கோயில் சர்க்கரைப் பொங்கலுக்குச் சிறிது, தீபாவளிக்கு நெய்யுருண்டை. பாசிப்பயற்றை வறுத்து அரைத்த மாவைச் சர்க்கரையும் சூடான நெய்யும் கூட்டிப் பிடிக்கும் இவ்வுருண்டை, மலேசியத் தமிழரின் தீபாவளிப் பலகாரங்களுள் தலையாயதாக இன்றும் விளங்குகிறது. ஓராண்டுச் சேமிப்பின் பெரும்பகுதி இவ்வொரு பலகாரத்தில் கரைந்தது எனல் மிகையன்று.

இவ்வளவில் நெய் செய்த நன்மை ஐயத்திற்கிடமற்றது. நீர் நீங்கியமையால் குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அது கெடாதிருந்தது. உயிர்ச்சத்து ‘ஏ’ தந்தது. கீரையிலுள்ள கொழுப்பில் கரையும் சத்துகளை உடல் ஏற்கத் துணைநின்றது. நாள்தோறும் நானூறு, ஐந்நூறு மரங்களை வெட்டி நடந்தவருக்கு அதன் கொழுப்பு சுமையாயிருந்திராது.

1948இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டதும் தோட்டக் குடியிருப்புகள் பல இடங்களில் முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. உணவுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கடைக்காரர் டின் உணவுகளைத் துளையிட்டே விற்க வேண்டும் என்ற விதியும் வந்தது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960களிலிருந்து இரப்பருக்கு மாற்றாகச் செம்பனை பரவியது. இளங்கன்றுகளை மாடு மேயுமாதலால் கொட்டகைகளுக்கு இடமில்லாது போயிற்று. மக்கள் புந்தோங் போன்ற ஈப்போப் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். பசு மேய்ந்த மண்ணில் விளைந்த செம்பனையின் எண்ணெயே ‘தாவர நெய்’ எனப் பெயர் பெற்று டின்னில் அடைபட்டு விற்பனைக்கு வந்தது. மலாய் மொழியில் நெய்யை ‘மின்யாக் சாப்பி’, அதாவது மாட்டெண்ணெய் என்பர். அச்சொல் காத்துவந்த வேறுபாட்டை நம் கடைவழக்கு கைவிட்டது.

நோய் பற்றிய சான்றுகளையும் காலவரிசையில் வைத்து நோக்குதல் வேண்டும். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரான டி. ஜே. தனராஜும் உடனாய்வாளரும், சிங்கப்பூர்ப் பிணக்கூறாய்வுப் பதிவுகளைக் கொண்டு இந்தியரிடையே இதயத் தமனி நோய் மிகுந்திருந்ததை 1959இலேயே வெளியிட்டனர். 1987இல் மார்க் ஜேக்கப்சன், காய்ச்சிய நெய்யில் உயிர்வளியேறிய கொலஸ்டிரால் இருப்பதைக் கண்டு, புலம்பெயர்ந்த இந்தியரின் இதய நோய்க்கு அது காரணமாகலாம் என ‘லான்செட்’ இதழில் கருதுகோளாக முன்வைத்தார். டின் நெய் மலிந்து பரவுமுன்னரே நோய் மிகுந்திருந்தமையால், நெய் ஒன்றையே குற்றவாளியாக்குதல் பொருந்தாது என்பது நம் கருத்து. எனினும் அதனை மருந்தென்று தாராளமாக ஊற்றுவதற்கும் இது சான்றாகாது. ஒரு மேசைக்கரண்டி நெய் ஏறத்தாழ 120 கலோரி; அதில் எட்டு, ஒன்பது கிராம் நிறைகொழுப்பு. நாளுக்கு 2000 கலோரி உண்பவர்க்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச வரம்போ ஏறத்தாழ 22 கிராமே. நீரிழிவு மலேசிய இந்தியரிடையே பிற பேரினத்தவரைவிட மிகுந்துள்ளதை 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வும் காட்டிற்று.

லயத்தில் மாடு வைத்திருந்த தலைமுறையினர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். மாணவர்களை அவர்களிடம் அனுப்பும் தமிழாசிரியர்கள், ‘நெய்யில் என்ன செய்தீர்கள்’ என்பதோடு, ‘எத்தனை நாளுக்கு ஒருமுறை உருக்கினீர்கள், எந்தக் கரண்டியால் பரிமாறினீர்கள், முதலில் யாருக்கு’ என்றும் கேட்கச் சொல்லலாம். இயலுமாயின் அக்கரண்டியை அளந்தும் வரலாம்.