சேமஅச்சு

ஆரணி என்றதும் பட்டுப்புடவையை நினைக்கும் வாசகர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நாங்கள் சொல்லவருவது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியைப் பற்றி அன்று. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்திற்குக் கிழக்கே, ஆரணியாற்றங்கரையில் உள்ள ஆரணி இது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் செல்லும் சரக்கு லாரிகளும், ஷிப்டு முடிந்து வீடு திரும்புவோரின் மிதிவண்டிகளும் உரசாத குறையாகக் கடந்துபோகும் சாலைகள் இப்பகுதிச் சாலைகள்.

வரும் தை மாதத்தில் இங்கிருந்து புதுக்கோட்டைக்கு மிதிவண்டியில் செல்வதென்று நண்பர்கள் ஐவர் முடிவு செய்திருக்கிறோம். ஐவரும் நாற்பதைக் கடந்தவர்கள். வகுப்பறையிலும் நூலகத்திலும் காலம் கழித்தவர்கள். ஏறத்தாழ 400 கி.மீ., ஐந்து நாள். இதன்வழித் திரளும் நன்கொடையைக் கொண்டு இப்பகுதி மாணவர்களின் ஓடாத மிதிவண்டிகளை ஓடவைப்பது நோக்கம். செய்தியைக் கேட்ட மூத்த பேராசிரியர் ஒருவர், "கொடுப்பதென்றால் கொடுத்துவிட்டுப் போகலாமே ஐயா, அதற்கு எதற்குக் கால்வலி?" என்றார். நியாயமான கேள்வி. ஆயத்தத்தின் நடுவே அதற்கு விடை தேடிப் பழைய நூல்களையும் பயண வரலாறுகளையும் புரட்டியதன் விளைவே இக்கட்டுரை.

உப்பு வண்டி

நெடும்பயண ஆயத்தம் பற்றிய செய்தி நம் இலக்கியத்திலேயே உண்டு. கடற்கரையிலிருந்து உள்நாட்டிற்கு உப்பேற்றிச் சென்ற உமணர்கள், வண்டியின் அச்சுக்குக் கீழே இன்னோர் அச்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். எருதுகளோ இளையவை, பாரமோ மிகுதி. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழியில் என்ன நேருமென்று யாரால் சொல்லமுடியும்? இந்த உதவி அச்சுக்குச் 'சேமஅச்சு' என்று பெயர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், அவனை இந்தச் சேமஅச்சுக்கு ஒப்பிடுகிறார். வேந்தர் மகனைச் சிங்கமென்றும் வேங்கையென்றும் புகழ்வது எளிது. வண்டிக்கடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கட்டப்பட்டிருக்கும் மரத்துண்டுக்கு ஒப்பிட ஔவையார்தாம் வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படை இதே உமணரின் வண்டி வரிசையை இன்னும் விரிவாகக் காட்டுகிறது. கோழிக்கூடு உள்ள வண்டி, ஊறுகாய்க் கலம், கையில் குழந்தையோடு எருதுகளை ஓட்டும் பெண், உடன் நடக்கும் ஆடவர் என்று அது ஒரு நடமாடும் குடும்பமாகவே இருக்கிறது. அந்நூலின் தலைவன் காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். ஆரணியும் அத்தொண்டைநாட்டு ஊர்தான். குழந்தையோடு வண்டியோட்டும் அப்பெண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அவளிடம் திரும்பிவருவோம்.

வழித்துணைக்கும் நம்மிடம் நூல்கள் உண்டு. பரிசு பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை. எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் புளியிட்ட சோறும், ஆமூரில் நண்டுக்கறியோடு வெண்சோறும் கிடைக்கும் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. மலைபடுகடாமோ வழுக்கும் பாறை எங்கே, பாம்புறையும் குழி எங்கே, தினைக்காவலர் எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று எச்சரிக்கிறது. எங்கள் பயணத்தின் முதலிரவு காஞ்சியில். இரண்டாமிரவு திண்டிவனத்தில், அதாவது நல்லியக்கோடனின் கிடங்கிலில். பாணன் நடந்த நிலத்தில்தான் நாங்களும் மிதிக்கப்போகிறோம்.

ஒரு நாளில் நாற்பது பஞ்சர்

மிதிவண்டியில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் முடித்தார். முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் கையகலமுமான அந்தக்கால வண்டியில் அவர் கொண்டுசென்ற மூட்டை மிகச் சிறியது: காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, கூடாரமாகவும் பயன்பட்ட மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. 1886இல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை பெருவழிச்சாலையில் அவர் மிதித்துச் சென்றபோது அவருடைய சக்கரங்களில் காற்றடைத்த டயர் இல்லை, கெட்டி ரப்பர்தான். டன்லப்பின் காற்று டயர் 1888இல்தான் வந்தது.

காற்று வந்தது, கூடவே பஞ்சரும் வந்தது. 1891இல் பிரான்சில் நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் 206 பேர் கிளம்பினர். ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவை 72 மணி நேரத்திற்குள் கடந்து சார்ல் தெரோன் வென்றார். கழற்றி ஒட்டி மீண்டும் மாட்டத்தக்க மிஷலின் டயர் அவருடைய வண்டியில் இருந்தது. வேகத்தைவிடப் பழுதுபார்க்கும் எளிமையே நெடுந்தொலைவுக்கு முதல் தேவை என்பதை உலகம் கற்றுக்கொண்ட பந்தயம் அது. அதன் வழிவந்த நெடுந்தொலைவு ஓட்ட முறை இன்று சென்னையிலும் பழக்கத்தில் உண்டு. 200 கி.மீ.க்கு 13.30 மணி, 600 கி.மீ.க்கு 40 மணி என்று கால எல்லை. சோதனைச் சாவடிகளைத் தவிர இடைவழியில் உதவிவண்டி கூடாது. அவரவர் சேமஅச்சை அவரவரே சுமக்க வேண்டும்.

1890களின் இறுதியில் அமெரிக்கப் பெண்மணி ஃபேனி புல்லக் ஒர்க்மனும் அவருடைய கணவரும் இலங்கையிலிருந்து இந்தியாவின் தென்முனைக்கு வந்து, கோயில்களைப் பார்த்தவாறே வடக்கு நோக்கி மிதிவண்டியில் சென்றனர். 1904இல் வெளிவந்த அவர்களுடைய பயணநூலின் தலைப்பிலேயே 14,000 மைல் என்ற கணக்கு இருக்கிறது. ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க் கருவேல முள் இன்றும் அதே முள்தான்.

1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் அறுவர் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அடி ஹக்கீம், ஜால் பபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் மட்டுமே 44,000 மைல் கடந்து 1928இல் ஊர் திரும்பினர். இவ்வரலாறுகளை அடுத்தடுத்துப் படிக்கையில் ஒன்று புலனாகிறது. கால் வலிமையால் மட்டும் எவரும் ஊர் சேரவில்லை. பாதி, மூட்டையில் இருந்த ஒட்டும் பசையால் நடந்தது. மீதி, வழியில் தண்ணீரும் திண்ணையும் தந்த மனிதரால் நடந்தது. தண்ணீர்ப்பந்தல் வைக்க நிலம் விட்ட செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் காண்கிறோம். ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானியம்மனுக்கு நடந்துவருவோருக்கு மோரும் கூழும் ஊற்றுவோரை இன்றும் காண்கிறோம். வழிப்போக்கரின் சேமஅச்சில் ஒரு பாதி எப்போதும் ஊராரிடமே இருந்திருக்கிறது.

இருவகைக் கொடை

அறக்கொடைக்கென மிதிவண்டி ஓட்டும் வழக்கம் பிந்தியது. 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்பவர் 36 பேரோடு தொடங்கிய பயணம் அதில் புகழ்பெற்றது. புற்றுநோய் மருத்துவத்திற்காக அவ்வாண்டு 10,200 டாலர் திரட்டினார்கள். அது இன்றுவரை ஆண்டுதோறும் தொடர்கிறது. மருத்துவமனைக்குப் பணம் தேவை. பணம் போய்ச் சேர்கிறது. அங்கே குறையொன்றும் இல்லை.

ஆனால் எங்கள் நோக்கம் மிதிவண்டி ஆயிற்றே. முதலில் நாங்கள் எண்ணியது, பணம் திரட்டிப் புது வண்டிகள் வாங்கி மேடை போட்டு வழங்குவது. அதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் முல்லைக்குத் தேர் ஈந்த பாரி நினைவுக்கு வந்தான். பறம்புமலைத் தலைவனின் உள்ளத்தைக் குறைசொல்ல நாம் யார்? கொடைமடம் என்று அதைப் பழந்தமிழர் போற்றவே செய்தனர். ஆயினும் தேர் ஓடுவதற்கானது. முல்லை அதைப் பற்றிப் படரலாமே தவிர ஓட்ட இயலாது. ஓட்ட இயலாதபடி கொடுக்கப்படும் வண்டியும் பந்தற்காலே ஆகும்.

இந்த ஐயத்தை உறுதிப்படுத்தியவர் எங்கள் கல்லூரி முதலாண்டு மாணவி ஒருவர். முதல் பாடவேளைக்குத் தொடர்ந்து வராதவர். வருகைப் பதிவேட்டில் குறியிட்டதோடு, பொறுப்புணர்ச்சி பற்றி ஒரு சிற்றுரையும் ஆற்றினோம். பிறகொருநாள் விசாரித்தபோது தெரிந்தது: பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த மிதிவண்டி வீட்டில் இருக்கிறது, பின்டயர் கிழிந்து நான்கு மாதமாகிறது, பேருந்து வருவது எட்டே முக்காலுக்கு. டயரும் டியூபும் வாங்கும் பணம் வீட்டில் வேறு செலவுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நான்கு மாதமும் நாங்கள் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்காமல் உரையாற்றினோம்.

தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கி, 2005-06இல் அத்திட்டத்தைப் பிற மேல்நிலை மாணவ மாணவியருக்கும் விரித்தது. நம் காலத்தின் பெருங்கொடைகளுள் அது ஒன்று. அத்தேருக்குச் சேமஅச்சு கட்டும் வேலை எஞ்சியிருக்கிறது. அது அரசால் மட்டும் ஆவதன்று.

புதுக்கோட்டை ஏன்?

1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனம், எங்களுக்கு அண்மையிலுள்ள அம்பத்தூரில் ஹெர்குலிசும் பி.எஸ்.ஏ.யும் செய்து நாடெங்கும் அனுப்பியது. வண்டி பிறந்த இடம் என்று பார்த்தால் அம்பத்தூருக்கே நாங்கள் போயிருக்கலாம். ஆனால் வண்டி விடுதலையான இடம் புதுக்கோட்டை.

1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கற்பிக்க அவர் முனைந்தார். கல்லுடைப்போரும் களையெடுப்போரும், அங்கன்வாடி ஊழியரும் ஆசிரியையரும் கற்றனர். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினர் என்று 1996இல் வெளியான தம் நூலில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்கிறார். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியையே எடுத்துக்கொண்டனர். பலர் அதையே விரும்பவும் செய்தனர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! உமணர் வண்டியைக் குழந்தையோடு ஓட்டிய பெண் ஈராயிரம் ஆண்டுக்குப் பின் சாலைக்குத் திரும்பியதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது. கேலி பேசினவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஓய்ந்தும் போனார்கள். அங்கே கொடுக்கப்பட்டது இரும்பு மட்டும் அன்று. ஓட்டத் தெரிந்த உடம்பும், ஓட்டலாம் என்ற துணிவும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன. ஆதலால்தான் அது நிலைத்தது.

எங்கள் ஆயத்தம்

ஆயத்தத்தின் முதல் பாடம் சைக்கிள் கடையில் நடந்தது. வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்ற எங்களுக்கு ஓட்டத் தெரியும். சக்கரத்தைக் கழற்றத் தெரியாது. ஆரணியில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் ஞாயிறுதோறும் ஐவரையும் தரையில் உட்கார வைத்தார். தண்ணீர் வாளியில் டியூபை அமிழ்த்திக் குமிழி பார்ப்பது, உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவது, ஸ்போக்ஸைத் திருகி ரிம்மின் கோட்டம் எடுப்பது, செயினில் எண்ணெய்விட்டு மிகுதியைத் துடைப்பது என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொடுத்தார். "டயருக்குள்ள விரலவிட்டு முள்ளத் தேடாம டியூப மாத்தாதீங்க சார், மறுபடி அதே இடத்துலதான் குத்தும்" என்பது அவர் வாக்கு. நாங்கள் பாடமெடுத்த இருபது ஆண்டுகளில் இவ்வளவு சுருக்கமாக எந்தக் கருத்தையும் சொன்னதாக நினைவில்லை.

நாளொன்றுக்கு 20 கி.மீ. தொடங்கி, வாரத்தில் ஒருநாள் 60, பிறகு 80 என்று கூட்டிவருகிறோம். விடியற்காலையே எங்கள் வேளை. லாரிகள் மிகுந்த சாலையாதலால் முன்விளக்கும், பின்புறம் சிவப்பொளியும், மின்னும் பட்டையிட்ட மேற்சட்டையும் இன்றி இறங்குவதில்லை. மூட்டையில் ஆளுக்கு இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்பிகள், பம்பு, ஒட்டுப்பெட்டி, உப்பும் சர்க்கரையும். அவ்வளவே.

திரளும் பணத்தில் புது வண்டி வாங்கப்போவதில்லை. இப்பகுதிப் பள்ளி, கல்லூரிகளில் தேவைப்படுவோருக்கு டயரும் டியூபும்; ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பம்பும் கருவிப்பெட்டியும்; மாதம் ஒரு ஞாயிறு, அப்பெரியவர் நடத்தும் பழுதுபார்ப்பு வகுப்பு. அவருக்கு உரிய ஊதியமும் அதிலேயே அடங்கும். முதல் வகுப்பு சென்ற மாதமே எங்கள் கைப்பணத்தில் நடந்தது. அந்த முதலாண்டு மாணவி தம் பின்சக்கரத்தைத் தாமே கழற்றி மாட்டினார். மறுநாள் முதல் பாடவேளைக்கு வந்து அமர்ந்திருந்தார். பதிவேட்டைத் திறந்தபோது எங்களால் அவர் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை.

மூத்த பேராசிரியரின் கேள்விக்கு இதுவே எங்கள் விடை. பணத்தை இருந்த இடத்திலிருந்தே கொடுத்திருக்கலாம்; ஆனால் வழியில் நிற்பதென்றால் என்னவென்று அறியாமலே கொடுத்திருப்போம். ஐந்து பேர் மிதித்துப்போவது பெருஞ்செயலன்று. பாரம் முழுவதையும் ஓடும் அச்சே சுமக்கிறது. அந்த மாணவர்களே அதைச் சுமக்கிறார்கள். கீழே கட்டிய அச்சுக்கு வேலை வராத நாட்களே மிகுதி. மேட்டில் ஒருநாள் முறியும்போது அது அங்கே இருக்க வேண்டும். ஔவையார் ஒரு வேந்தன் மகனிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

தையில் புறப்படுகிறோம். காஞ்சி, திண்டிவனம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர், திருச்சி வழியாகப் போகிறோம். அவ்வழியில் வாழும் வாசகர்கள் எங்களைக் கண்டால் ஒரு சொம்பு தண்ணீர் தரலாம். பம்பு இருந்தால் இன்னும் நல்லது.