ஆபத்தான பதவி உயர்வு

ஃப்ரெடரிக் பவுலஸ் அடிப்படையில் ஒரு மேஜைக்காரர். வரைபடம், பென்சில், கணக்கு. சோவியத் யூனியன்மீது படையெடுக்கத் திட்டம் போட்டுக் கொடுத்தவர்களுள் ஒருவர். ஒரு டிவிஷனைக்கூட நடத்திப் பழக்கமில்லாத மனிதரிடம், 1942 ஜனவரியில் ஜெர்மனியின் ஆறாவது ராணுவத்தையே தூக்கிக் கொடுத்தார்கள்.

ஸ்டாலின்கிராடைப் பிடி என்றார் ஹிட்லர். போனார். பாதிக்குமேல் பிடித்தும்விட்டார். நவம்பர் 19-ம் தேதி ரஷ்யர்கள் ஆரம்பித்தார்கள். நாலே நாளில் வளையம் பூட்டிக்கொண்டது. உள்ளே இரண்டரை லட்சம் பேருக்குமேல்!

உடைத்துக்கொண்டு வெளியேறட்டுமா என்று கேட்டார் பவுலஸ். கூடாது என்று பதில் வந்தது. சாப்பாடு, குண்டு எல்லாம் விமானத்தில் வரும் என்றார் கோரிங். தினசரி குறைந்தது 300 டன் வேண்டும். வந்ததோ சராசரியாக அதில் மூன்றில் ஒரு பங்கு. குதிரைகளை அடித்துத் தின்றார்கள்.

1943 ஜனவரி 8-ல், சரணடைந்தால் உயிருக்கு உத்தரவாதம் என்றது ரஷ்யத் தரப்பு. மேலிடத்து உத்தரவுப்படி பவுலஸ் மறுத்தார்.

ஜனவரி 30. திடீரென்று அவரை ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார் ஹிட்லர். அதுவரை எந்த ஜெர்மானிய ஃபீல்டு மார்ஷலும் எதிரியிடம் சரணடைந்ததில்லை. புரிகிறதல்லவா? சுட்டுக்கொண்டு செத்துப் போ என்று அர்த்தம்.

மறுநாள் காலை, ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் நிலவறையில் பவுலஸ் பிடிபட்டார். சாகவில்லை.

சிறைப்பட்டவர்கள் சுமார் 91,000 பேர். ஊர் திரும்பியவர்கள் ஏறத்தாழ ஆறாயிரம். பவுலஸ் 1953-ல் விடுதலையாகி, 1957-ல் டிரெஸ்டனில் இறந்தார்.

8-ம் தேதி மீற முடியாத உத்தரவை 31-ம் தேதி மீற முடிந்திருக்கிறது. நடுவே இருபத்து மூன்று நாள். அந்த நாள்களில் செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?