தில்லைவனமும் கடற்கரைக் காவலும்

தில்லை என்னும் பெயரைக் கேட்ட அளவில் பொன்னம்பலம் நம் நெஞ்சில் தோன்றும். அத்திருவூர்க்கு அப்பெயரைத் தந்தது ஒரு மரம் என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. கோயிலின் தலமரமாகிய தில்லை உவர்நிலத்தில் வளர்வது. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு செய்வது. சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றிற்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட பிச்சாவரத்து உப்பங்கழிகளில், சுரபுன்னை, வெண்கண்டல் முதலியவற்றோடு அஃது இன்றும் நிற்கின்றது. அக்காடு நலிந்ததும் மீண்டும் தளிர்த்ததுமாகிய வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கும் இளைஞர்கட்கும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இக்காடு கூப்புக்களாக வகுக்கப்பெற்று, முறை வைத்து முற்றும் வெட்டப்பட்டது. அம்முறை விடுதலைக்குப் பின்னரும் 1970-களின் தொடக்கம் வரை நீடித்தது. வெட்டிய இடம் தானே தழைக்கும் என்று எண்ணினர். பல இடங்களில் அது தழைத்திலது. அஃது ஏன் எனின், நிழலிழந்த சேற்றுநிலம் வெயிலிற் காய்ந்து, தாழ்ந்து, தாம்பாளம் போற் குழிந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வற்றத்தில் வடியாது தேங்கிற்று. தேங்கிய நீர் ஆவியாய்ச் செல்ல, உப்பு மட்டும் நிலத்தில் மிகுந்தது. உவரில் வளரும் மரமும் ஓரளவு உவரையே பொறுக்கும் அன்றோ?

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் சிற்றூர் மக்களும் கூடி இந்நோய்க்கு மருந்து கண்டனர். அவர் முதலிற் செய்தது நடவன்று, நீர்வழி அமைத்தலே. நடுவே ஒரு பெருங்கால்வாயும், இருமருங்கும் மீன்முள் போற் சாய்ந்த கிளைக்கால்வாய்களும் வெட்டினர். ஓதநீர் நாடோறும் உட்புகுந்து வெளியேற, மண்ணின் உப்புத் தணிந்தது. அதன் பின்னரே கன்றுகள் நடப்பட்டன, அவை பிழைத்தன. நோய் நாடாது மருந்து கொடுப்பார் போல நீர்வழி நாடாது கன்று நடுவார் இன்றும் உளராதலின், இதனை வற்புறுத்துகின்றோம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலூர் மாவட்டத்துக் கரையை ஆராய்ந்த அறிஞர் சிலர், காட்டின் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே உற்றன என்று 2005-இல் எழுதினர். வேறு சிலர், அவ்வூர்கள் கடலினின்று விலகியும் மேட்டிலும் இருந்தமையே காரணமாகலாம் என்று மறுத்தனர். இருவர் கூற்றையும் சீர்தூக்கின் நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: கடலுக்கும் குடியிருப்புக்கும் நடுவே இடம் வேண்டும், அவ்விடத்திற் காடு வேண்டும். காடு இருக்கின்றது என்று கரையோரத்தில் வீடு கட்டுதல் அறிவுடைமை ஆகாது.

இனி வருங்காலத்தை நோக்குவோம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 20 செண்டிமீட்டர் உயர்ந்துள்ளது. உயர்வின் வேகமும் மிகுந்து வருகின்றது. கண்டல் வேர்களோ ஆறு கொணரும் வண்டலைப் பிடித்து நிலத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவன. கருங்கற்சுவர்க்கு இவ்வாற்றல் இல்லை. ஆயினும் மரத்திற்கும் அழிவுண்டு. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் முறித்தது. ஆதலின் நட்டு மறத்தல் போதாது. கால்வாய் தூராமற் காத்தலும் ஆற்றுநீர் கழியை அடையச் செய்தலும் வேண்டும்.

பிச்சாவரம் 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. பெயர் கிடைத்தது, காவல் நம்மைப் பொறுத்தது. கழியிற் கையாலே இறால் தடவிப் பிடிக்கும் இருளரும், கடலில் வலைவீசும் மீனவரும், கரையில் நெல் விளைக்கும் உழவரும் ஒரே காட்டின் நிழலில் வாழ்கின்றனர். பேரலை வந்த நாளில் அது யாரையும் குலம் கேட்டிலது. ஆதலின், கரையூர்களில் வாழும் நம் சங்கத்துக் குடும்பத்தார் கழியை அடைத்தலும் காட்டை விறகாக்குதலும் ஒழித்து, கால்வாய் தூர்வாரும் நாளில் ஊராரோடு மண்வெட்டி எடுத்துச் செல்லுமாறு வேண்டுகின்றோம்.