கோர்வியாலே பங்கும் ஒரு கர்தினாலின் ஓட்டும்

திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கர்தினால்களுக்கு எப்படி வந்தது என்று சேலத்தில் என் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் கேட்டால், நான் வத்திக்கானிலிருந்து தொடங்க மாட்டேன். உரோமை நகரின் ஒரு பங்கிலிருந்துதான் தொடங்குவேன். திருத்தந்தை என்பவர் உரோமையின் ஆயர். பழங்காலத்தில் அந்த ஊர்க் குருக்களும் மக்களும் சேர்ந்துதான் தங்கள் ஆயரைத் தெரிந்துகொண்டார்கள். 1059-இல் திருத்தந்தை இரண்டாம் நிக்கோலாஸ் அந்தப் பொறுப்பைக் கர்தினால்கள் பக்கம் திருப்பினார். 1179 முதல் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்றானது. ஓட்டுப் போடுகிறவர் உரோமைக் குருவாக இருக்க வேண்டுமே! அதனால்தான் தொலைதூர நாட்டு ஆயர் ஒருவர் கர்தினால் ஆகும்போது, உரோமையில் ஒரு கோவிலை அவர் பெயருக்கு எழுதி வைக்கிறார்கள்.

1586-இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் கர்தினால்கள் 70 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டினார். 1958-இல் 23ஆம் ஜான் அதைத் தாண்டினார். கர்தினால்கள் பெருகப் பெருக, பளிங்குத் தூண் நிற்கும் பழைய கோவில்கள் போதவில்லை. புறநகர்ப் பங்குகளுக்கும் இந்தப் பேறு கிடைத்தது. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. கல்லேரியில் பிறந்த நம் கர்தினால் லூர்துசாமிக்கு 1985-இல் வத்திக்கானுக்கு அருகே ஒரு பழைய கோவிலைக் கொடுத்தார்கள். 2007 நவம்பரில் மும்பை பேராயர் ஆஸ்வால்ட் கிராசியாசுக்குக் கொடுத்ததோ கோர்வியாலேயில் உள்ள சிலுவையின் புனித பவுல் பங்குக் கோவில்.

கோர்வியாலே என்றால் உரோமைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கட்டடம். மாரியோ ஃபியோரென்டினோ வடிவமைத்து, 1970களில் எழத் தொடங்கிய அரசுக் குடியிருப்பு. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே சுவராய் நிற்கிறது. அந்தப் பங்கை நடத்துகிறவர் பங்குத்தந்தைதான். கர்தினாலுக்கு அங்கே நிர்வாக அதிகாரம் கிடையாது. ஆலோசனை சொல்லலாம், ஆதரவாக நிற்கலாம். ஆனால் 2013 மார்ச்சில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் கிராசியாஸ் ஓட்டுப் போட்டபோது, அந்த ஏழைக் குடியிருப்பின் கோவில்தான் உரோமையில் அவருடைய கோவில்.

அன்று தேர்வான பிரான்சிஸ் 2018 ஏப்ரலில் அதே பங்குக்கு வந்தார். கேள்வி கேட்க மைக் முன்னால் நின்ற சிறுவன் ஒருவன் பேச முடியாமல் அழுதான். திருத்தந்தை அவனைக் கூப்பிட்டு அணைத்துக்கொண்டு, காதோடு சொல்லச் சொன்னார். இறந்துபோன அவன் அப்பாவுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பிள்ளைகள் நால்வருக்கும் திருமுழுக்குக் கொடுக்க வைத்தவர் அவர். அப்பா விண்ணகத்தில் இருக்கிறாரா? நல்ல பிள்ளைகளைக் கடவுள் கைவிடுவாரா என்று திருத்தந்தை அங்கிருந்த சிறுவர்களையே கேட்டார். இல்லை என்று அத்தனை பேரும் கத்தினார்கள்.

இந்தக் கேள்வி எங்கள் மண்ணிலும் உண்டு. 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்ட இராபர்ட் தே நொபிலி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த காலத்திலிருந்து நாங்கள் இங்கே சிறு கூட்டம்தான். அம்மா பூசைக்கு வருவார், அப்பா வாசலோடு நின்றுகொள்வார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோர்வியாலே பையனின் கதையை அவர்களுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை.

மறுபடி கர்தினால்களின் ஓட்டுக்கு வருவோம். கிராசியாசுக்கு 2024 டிசம்பரில் 80 வயது நிறைந்ததால் 2025 மே மாதத் திருத்தந்தைத் தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை. ஐதராபாத் பேராயர் கர்தினால் அந்தோணி பூலா ஓட்டுப் போட்டார். உரோமையில் அவருடைய கோவில், நீரோ காலத்தில் உயிர்விட்ட முதல் மறைசாட்சிகளின் பெயரில் அவுரேலியா அந்திக்கா சாலைப் பகுதியில் இருக்கும் பங்குக் கோவில்.