இரு தாயர் சந்திப்பு
(கிறித்தவக் கலை வரலாற்றில் ஒரு காட்சி)

கிறித்தவ ஓவியங்கள் என்றவுடன் சிலுவைக் காட்சியும், மாட்டுக் கொட்டிலில் பிறந்த பாலகனின் காட்சியுமே நம்முள் பலர்க்கு நினைவில் எழும். ஆரவாரம் சிறிதுமின்றிக் கருவுற்ற பெண்டிர் இருவர் ஒருவரையொருவர் காணும் காட்சியொன்றும் அக்கலையில் உண்டு. 1,400 ஆண்டுகளுக்கு மேலாகக் கலைஞர் அதனைத் தீட்டியும் செதுக்கியும் வந்துள்ளனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு நோக்குவோம்.

நிகழ்ச்சி லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் உள்ளது. தன் உறவினளான எலிசபெத்து முதுமையில் கருவுற்று ஆறாம் திங்கள் நடப்பதை வானதூதன் வாயிலாக அறிகிறாள் கன்னி மரியாள். யூதேயாவின் மலைநாட்டிற்கு விரைந்து சென்று, சகரியாவின் இல்லம் புகுந்து எலிசபெத்தை வாழ்த்துகிறாள். அவ்வாழ்த்தொலி கேட்டதும் எலிசபெத்தின் வயிற்றுப் பிள்ளை துள்ளிற்று. அப்பிள்ளையே பின்னர் யோவான் ஸ்நானகர் எனப் பெயர் பெற்றவர். மரியாளின் வயிற்றில் இருந்தவர் இயேசு பெருமான். மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் அங்குத் தங்கினாள் என்று நற்செய்தி கூறும்.

இக்காட்சியைத் தீட்டப் புகும் கலைஞனுக்கு இடர் இரண்டு உள. நிகழ்ச்சியின் உயிர்நிலை கண்ணுக்குப் புலனாகாத கருவறையில் இருப்பது ஒன்று. வயதில் மூத்தவள் எலிசபெத்து, பேற்றில் உயர்ந்தவள் மரியாள். எனவே யார் யாரை வணங்குவது என்பது மற்றொன்று.

முதல் இடரைப் பழங்காலத்தார் எளிதாகத் தீர்த்தனர். இன்றைய குரோவேஷியா நாட்டிலுள்ள போரெச் நகர்ப் பேராலயத்தில் 6-ஆம் நூற்றாண்டில் வண்ணச் சில்லுகள் பதித்து ஆக்கிய காட்சியில், இருவர் வயிறும் பருத்திருப்பது வெளிப்படையாகத் தெரியும். வாயில் திரையை விலக்கி ஒரு பணிப்பெண் எட்டிப் பார்க்கிறாள்! சுவிட்சர்லாந்தின் கத்தரினென்டால் கன்னியர் மடத்திற்கென 1310-க்கும் 1320-க்கும் இடையில் செய்த மரச்சிற்பம் இன்னும் வியப்புடைத்து. கைகோத்து நிற்கும் இரு தாயரின் உடல்மீதும் தெளிந்த பளிங்குக் கல் ஒவ்வொன்று பதித்துள்ளனர். அதனூடே குழவியின் உருவம் முன்னர்த் தெரிந்திருக்கக்கூடும் என்பர் ஆய்வாளர். இச்சிற்பம் இன்று நியூயார்க்கு நகரின் மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலையில் உள்ளது. 15-ஆம் நூற்றாண்டில் பிளாந்தர்சு நாட்டு ஓவியர் ரோகியர் வான் தெர் வெய்தனோ குழவியைக் காட்டினாரல்லர். ஒருத்தி வயிற்றை மற்றொருத்தி கையால் தொட்டறிவதாகத் தீட்டினார். அத்தீண்டலே அனைத்தையும் கூறிவிடுகிறது.

இனி இரண்டாம் இடர். இத்தாலியின் பாதுவா நகர்ச் சிற்றாலயத்தில் 1305-ஆம் ஆண்டளவில் சுவரோவியம் தீட்டிய ஜோத்தோ, எலிசபெத்தைச் சற்றே குனியவைத்து, மரியாளின் முகத்தை அண்ணாந்து நோக்கச் செய்தார். பிஸ்தோயா நகரில் லூக்கா தெல்லா ரோபியா 1445-ஐ ஒட்டிச் சுடுமண்ணில் வடித்த வெண்ணிறச் சிற்பத்தில் மூதாட்டி மண்டியிட்டே விடுகிறாள். இளையவள் அவளைத் தாங்கிக்கொள்கிறாள். கிர்லாந்தாயோ 1491-இல் தீட்டிய ஓவியத்திலும் எலிசபெத்து மண்டியிடுகிறாள்.

1528-ஐ ஒட்டிப் பொந்தோர்மோ என்பவர் இம்முறையை மாற்றினார். பிளாரன்சு நகருக்கு அணித்தான கார்மிஞ்ஞானோ ஊர் ஆலயத்தில் உள்ள அவ்வோவியத்தில் வணங்குவாரும் இல்லை, வணங்கப்படுவாரும் இல்லை. இருவரும் ஒத்த நிலையில் தழுவிக் கண்ணோடு கண் நோக்குகின்றனர். பின்னின்ற பெண்டிர் இருவர் நம்மையே உற்றுநோக்குகின்றனர். இவ்வோவியத்தைக் கண்டு உளம் ஈர்க்கப்பெற்ற அமெரிக்கக் கலைஞர் பில் வயோலா, 1995-இல் ஒரு நிமிடத்திற்கும் குறைந்த சந்திப்பொன்றைப் படம்பிடித்து, பத்து நிமிட அளவிற்கு மெல்ல ஓடும் அசைபடமாக ஆக்கினார்.

ஆலந்து நாட்டு ரெம்பிராந்து 1640-இல் இதனை ஓர் இல்லத்து நிகழ்ச்சியாகவே கண்டார். பணிப்பெண் மரியாளின் மேலாடையைக் களைகிறாள். முதியவர் சகரியா ஒரு சிறுவனைப் பற்றிக்கொண்டு படியிறங்கி வருகிறார். வாயிலில் நிற்கும் எலிசபெத்தின் முகத்திலோ, பிள்ளை வந்து சேர்ந்தாள் என்னும் நிறைவு!

இவ்வோவியங்களை நாம் அச்சுப் படங்களாகவே காண்கிறோம். எனினும் ஒன்று தெளிவாகும். இக்காட்சியின் நடுவில் அரசனும் இல்லை, போரும் இல்லை. பெருஞ்செய்தி ஒன்றைத் தாங்கிய இளம்பெண், அதனை உரைக்கத் தன்னைப் போன்ற நிலையிலிருந்த ஒரு மூத்தவளைத் தேடி மலையேறினாள். அம்மூத்தவளும் பொறாமை சிறிதுமின்றி அவள் பேற்றை முதலிற் போற்றினாள். குனிந்தும், மண்டியிட்டும், தழுவியும் அப்பெருந்தன்மையையே கலைஞர் வெவ்வேறு வகையாகக் காட்டினர்.

தாய்வீட்டை நெடுந்தொலைவில் விட்டு வந்து, பேறுகாலத்தில் அடுத்த வீட்டு மூத்தவளின் கையைப் பற்றிக்கொண்ட நம் குடியிருப்பு மகளிர்க்கு இக்காட்சியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சமயம் எதுவாயினும், அதனை அவர்கள் முன்னரே அறிவர்.